குடும்ப மருத்துவரின் அறையிலேயே முடியும் சிகிச்சைகள்

தில்லி அன்சாரி நகரில் சாலையின் ஒருபுறம் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம். மறுபுறம் சப்தர்ஜங் மருத்துவமனை. பொழுது புலரும் முன்பே இரண்டின் வாயில்களிலும் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் எனப் பெரும் பிணிகளோடு பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே காத்திருக்கின்றனர். இத்தகைய பெரிய மருத்துவமனைகளின் வரிசைகளில் காது அடைத்தவரும், கால்விரல் நகம் சதைக்குள் வளர்ந்து பழுத்தவரும், தையல் பிரிக்க வந்தவரும் சேர்ந்தே நிற்கிறார்கள். ஒரு நாள் விடுப்பும் ஆட்டோ செலவும் போன பின்னர் அவர்களுக்கு நடப்பது கால் மணி நேரச் சிகிச்சை. அதே சிகிச்சையை வீட்டுக்கு அருகிலுள்ள குடும்ப மருத்துவர் தம் அறையிலேயே செய்திருக்கக் கூடும்.

எவற்றை அங்கே செய்துகொள்ளலாம், எவற்றைச் செய்துகொள்ளலாகாது, செய்துகொள்ளும் முன் என்ன கேட்க வேண்டும் என்ற மூன்றையும் அறிந்திருந்தால் காலமும் பணமும் மிஞ்சும். சில வேளைகளில் ஒரு காதோ காலோ காப்பாற்றப்படும்.

தலைநகரின் நீண்ட பழக்கம்

அருகிலுள்ள சிறு மருத்துவ நிலையம் என்பது தில்லிக்குப் புதிதன்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும்தான் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டமும் 1954-இல் தில்லியில்தான் பிறந்தது. அரசுப் பணியின் பொருட்டுத் தலைநகருக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 'டிஸ்பென்சரி' என்ற சொல் நன்கு பழகியது. குழந்தையின் காய்ச்சலுக்கும், முழங்கால் சிராய்ப்புக்கும், பாட்டியின் இரத்த அழுத்தத்திற்கும் முதலில் செல்லும் இடம் அதுவாகவே இருந்தது.

பின்னர் 2015 ஜூலையில் மேற்குத் தில்லியின் பீராகடியில் முதல் மொகல்லா கிளினிக் திறக்கப்பட்டது. மருத்துவ ஆலோசனை, மருந்து, பரிசோதனை ஆகியவற்றோடு காயங்களுக்கும் தீப்புண்ணுக்கும் முதலுதவி, கட்டுப் போடுதல் ஆகியனவும் அதன் பணிகளாக வகுக்கப்பட்டன. 2025 முதல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்ற பெயரிலும் நிலையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. ஆட்சிகள் மாறினாலும் பெயர்கள் மாறினாலும் அடிப்படைக் கருத்து ஒன்றே: சிறு துன்பத்துக்கு அருகிலேயே மருந்து வேண்டும்.

மரத்துப்போகச் செய்யும் ஊசி

நோயாளியை உறங்க வைக்காமல், வேண்டிய இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்ய இயன்றதால்தான் இத்தகைய சிகிச்சைகள் சாதாரண அறைக்குள் வந்தன. 1884-இல் வியன்னா நகரத்து மருத்துவர் கார்ல் கொல்லர் கண்ணில் கொக்கெய்ன் துளிகளை இட்டு, வலியின்றிக் கண் அறுவை செய்ய முடியும் என்று காட்டினார். 1943-இல் சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் அதனினும் பாதுகாப்பான லிடோகெய்ன் மருந்தை உருவாக்கினார். சைலோகெய்ன் என்ற வணிகப் பெயரில் இன்று நம் மருத்துவர்கள் பயன்படுத்துவது அதனையே.

இந்த ஊசியின் துணையோடு குடும்ப மருத்துவர் செய்யக்கூடியவை பல. ஆழமற்ற வெட்டுக்காயத்தைக் கழுவித் தைத்தல், சீழ்க்கட்டியைக் கீறி வடித்தல், சதைக்குள் வளர்ந்த நகத்தின் ஓரத்தை அகற்றுதல், தோலுக்கடியில் உள்ள சிறு கொழுப்புக்கட்டியை எடுத்தல், வலிக்கும் மூட்டில் மருந்து செலுத்துதல் ஆகியவை அவற்றுள் சில. ஊசியே தேவைப்படாதவையும் உண்டு: காதுக் குறும்பியை அகற்றுதல், மூச்சிரைப்புக்கு நெபுலைசர் வைத்தல், ஈ.சி.ஜி. எடுத்தல், தையல் பிரித்தல், பெண்களுக்குக் காப்பர்-டி பொருத்துதல், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முன்சோதனை. தில்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தில் நெபுலைசர் உள்ள ஒரு கிளினிக் அருகில் இருப்பது ஆஸ்துமா நோயாளிக்குப் பெரும் ஆறுதல்.

காயத்தைத் தைக்கக் காலம் முக்கியம். சில மணி நேரத்துக்குள் சென்றுவிடுதல் நன்று. அடுத்த நாள் வரை பொறுத்தால் கிருமிகள் பெருகி, தைக்கவே இயலாத நிலை வரலாம். தையல் பிரிக்கும் நாளும் இடத்துக்கு இடம் மாறும். முகத்தில் 3 முதல் 5 நாள், தலையில் 7 முதல் 10 நாள், கை கால்களில் 10 முதல் 14 நாள் என்பது பொதுக் கணக்கு. முகத்துத் தையலை நீண்ட நாள் விட்டுவைத்தால் தழும்பு நிலைத்துவிடும். காலில் உள்ளதை முந்திப் பிரித்தால் காயம் வாய் திறக்கும்.

சீழ்க்கட்டி குறித்து ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. மாத்திரையால் கரைத்துவிடலாம் என்று பலர் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சீழ் நன்கு திரண்ட கட்டிக்குள் மாத்திரையின் மருந்து போதிய அளவு சென்று சேர்வதில்லை. சீழை வெளியேற்றுவதே முதன்மையான சிகிச்சை. அதன்பின் புண் உள்ளிருந்து ஆறிவரும் வரை கட்டு மாற்றிக்கொள்ளத் தவறாது செல்ல வேண்டும்.

காதும் காலும்

தில்லியின் பழைய கடைவீதிகளில், சிவப்புத் தலைப்பாகையில் மெல்லிய கம்பியையும் பஞ்சையும் செருகிக்கொண்டு காது சுத்தம் செய்ய அழைப்போரைப் பலர் கண்டிருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் அது. ஆயினும் ஒளியின்றி, உள்ளே என்ன உள்ளது என்று பாராமல் விடப்படும் கம்பி செவிப்பறையைக் கிழித்துவிடக் கூடும். ஒரே கம்பி பலர் காதுக்குள் சென்றுவருவதால் தொற்றும் பரவும்.

குறும்பி அழுக்கன்று, காதைக் காக்க உடல் சுரப்பது. அடைப்பு ஏற்பட்டால் மட்டுமே அதனை அகற்ற வேண்டும். மருத்துவர் முதலில் விளக்குக் கருவியால் உள்ளே பார்ப்பார். சில நாட்கள் துளிமருந்து இட்டு இளகச் செய்வார். பின்பு உடற்சூட்டுக்கு ஒத்த வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சி வெளியேற்றுவார். நீர் மிகக் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் தலைசுற்றல் வரும். செவிப்பறையில் துளை உள்ளவர்கள், காதில் சீழ் வடிபவர்கள், முன்பு காது அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு நீர் பீய்ச்சுதல் கூடாது. இதனை மருத்துவர் கேட்கும் முன்பே நாம் சொல்லிவிட வேண்டும்.

காலைப் பொறுத்தவரை நீரிழிவு உள்ளவர்கள் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். நீரிழிவு நரம்புகளைத் தாக்கியபின் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. முள் தைத்தாலும் வலிப்பதில்லை. கால் ஆணியை வீட்டில் பிளேடால் சீவிக்கொள்வதும், நகத்தை மூலை வரை தோண்டுவதும் சிறு புண்ணை உண்டாக்கும். அது ஆறாமல் எலும்பு வரை சென்றால் விரலையோ பாதத்தையோ இழக்க நேரும். தொடக்கத்திலேயே குடும்ப மருத்துவரிடம் சென்று புண்ணைச் சுத்தம் செய்து, சர்க்கரையைச் சீராக்கிக்கொண்டால் பெரும்பாலும் இந்த நிலை வாராது.

நாய்க்கடியில் மருத்துவருக்கு முன் குழாயடி

2025-இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்கும் அளவுக்குத் தில்லியில் தெருநாய்ச் சிக்கல் வளர்ந்திருந்தது. கடிபட்டவுடன் முதலில் செல்ல வேண்டிய இடம் குழாயடி. ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக் கூடாது. பிறகு தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கையில் போடப்படும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி முதல் நாளிலும், பின்னர் 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் இடப்படுகிறது. தோலுக்குள் இடும் முறையில் 14-ஆம் நாள் ஊசி இல்லை.

இரத்தம் கசியும் கடியாயின் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைப் புண்ணைச் சுற்றியே செலுத்த வேண்டும். அது எல்லாக் கிளினிக்குகளிலும் இருப்பதில்லை. இல்லையெனில் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். கடிவாயைத் தைப்பதும் இயன்றவரை தவிர்க்கப்படும். ஆகவே "ஏன் தைக்கவில்லை?" என்று மருத்துவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ரேபிஸ் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக எவரையும் காப்பாற்ற இயலாது. எனவே ஒரு தவணையையும் தவறவிடலாகாது.

சிறு அறையில் செய்யலாகாதவை

தம் எல்லையை அறிந்த மருத்துவரே நல்ல மருத்துவர். கையில் பட்ட வெட்டுக்குப் பின் விரலை மடக்க இயலவில்லை அல்லது விரல்நுனி உணர்ச்சியற்றிருக்கிறது என்றால் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். அது வல்லுநரிடம் செல்ல வேண்டிய காயம். மார்பு, வயிறு ஆகியவற்றில் குத்துக்காயம், நிற்காத இரத்தப்போக்கு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில் தோன்றிக் காய்ச்சலோடு வீங்கும் கட்டி ஆகியவையும் மருத்துவமனைக்கு உரியவை. குழந்தை பொத்தான் வடிவ பேட்டரியை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது; அது சதையை அரித்துவிடும்.

விரைந்து வளரும் கட்டியையும், நிறமோ வடிவமோ மாறிவரும் மச்சத்தையும் அழகுக்காக அகற்றிக்கொள்ளக் கூடாது. எடுக்கப்பட்ட எந்தக் கட்டியானாலும் அதனைத் திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கையெழுத்திடும் முன்

தில்லியில் எழுந்த ஒரு வழக்கு இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. 1995-இல் 44 வயதுப் பெண்மணி ஒருவர் தனியார் கிளினிக் ஒன்றில், நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பி சோதனைக்கு ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தை மட்டும் பெற்று அவருடைய கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2008 ஜனவரியில் வெளிவந்த தீர்ப்பு, சோதனைக்கு அளித்த ஒப்புதல் சிகிச்சைக்கு அளித்த ஒப்புதல் ஆகாது என்றும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயது வந்த ஒருவர் விழித்தெழும் வரை காத்திருந்து அவரிடமே கேட்க வேண்டும் என்றும் உரைத்தது. மருத்துவருக்குக் கட்டணம் மறுக்கப்பட்டது. 25,000 ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது.

தொகை சிறிது, நெறி பெரிது. அத்தீர்ப்பு வகுத்த வழியில் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு. எனக்குச் செய்யப்போவது என்ன, எதற்காக? அதனால் வரும் இடர் யாது? வேறு வழி உண்டா? செய்யாமல் விட்டால் என்ன நேரும்? நகம் அகற்றுவதாயினும் இவ்வினாக்கள் பொருந்தும்.

நாம் சொல்ல வேண்டியவையும் உண்டு: மருந்து ஒவ்வாமை, நீரிழிவு, கருவுற்றிருத்தல், இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகள். அவற்றை நாமாக நிறுத்திவிட்டும் செல்லக் கூடாது. ஊசியும் பிளேடும் நம் கண்முன் உறையிலிருந்து பிரிக்கப்படுகின்றனவா, பயன்பட்ட ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் இடப்படுகின்றனவா என்பதையும் கவனியுங்கள். 2016-இல் வந்த மருத்துவக் கழிவு விதிகள் சிறு கிளினிக்குகளையும் கட்டுப்படுத்துகின்றன. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண்ணும், அறையில் கட்டண விவரமும் இருக்க வேண்டும் என்பதும் மருத்துவர்களுக்கான நடத்தை விதி. பதிவு எண் இல்லாத பலகையின்கீழ் கத்தி எடுப்பவரிடம் உடலை ஒப்படைக்க வேண்டாம்.

பணம் எங்கிருந்து?

பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்கள் 24 மணி நேரமாவது மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. கண்புரை அறுவை போன்ற ஒருநாள் சிகிச்சைகளும் அவற்றுள் அடங்கும். ஆனால் வழக்கமாகப் புறநோயாளியாகவே செய்துகொள்ளும் தையல், கட்டு, காது சுத்தம் போன்றவை 'டே கேர்' என்ற வரையறைக்குள் வாரா. 2018-இல் தொடங்கி, தில்லி 2025 ஏப்ரலில் இணைந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் புறநோயாளிச் செலவை ஏற்பதில்லை. புறநோயாளிச் செலவுக்கான கூடுதல் பிரிவு உங்கள் பத்திரத்தில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லையெனில் சிறு சிகிச்சைக்கென ஒரு தொகையைச் சேமிப்புக் கணக்கில் தனியே ஒதுக்கி வைப்பது அறிவுடைமை. பணம் கையில் இல்லை என்று தள்ளிப்போடும் ஒரு வாரத்தில்தான் சிறு புண் பெரும் புண்ணாகிறது. செலவிட்ட தொகைக்குப் பெயரும் தேதியும் சிகிச்சையின் விவரமும் அடங்கிய ரசீது கேட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த முறை செல்லும்போது மருத்துவருக்கு அது உங்கள் உடலின் வரலாறு.

குடும்ப மருத்துவர் நம் பெயரையும், நம் தந்தையின் நீரிழிவையும், நமக்கு ஒவ்வாத மருந்தையும் அறிந்தவர். அத்தகைய ஒருவரை நோய் வந்தபின் தேடுவது அரிது. நலமாய் இருக்கும்போதே வீட்டுக்கு அருகில் தேடி அறிந்துகொள்ளுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணும் கிளினிக் நேரமும் வீட்டில் அனைவரும் காணும் இடத்தில் எழுதப்பட்டிருக்கட்டும்.