பின்புறத்துக் கச்சேரி

கர்நாடக இசை மேதை தியாகராஜருக்கு அவர் சமாதி இருக்கும் திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆராதனை நடக்கிறது. அமெரிக்கக் கறுப்பர்கள் நடத்திய இசை விடுதிகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி ஒரே இடத்தில் இடறுகின்றன. "அவர்களே தனியாக ஒதுங்கிக்கொண்டால் அதில் என்ன பெருமை?" என்று கேட்கிறார் சங்கரன்கோவில் வாசகர் ஒருவர். திருவையாற்றில் 'பெண்கள் கட்சி' என்று ஒன்று இருந்ததாமே, அது எந்தத் தேர்தலில் நின்றது என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

அது தேர்தலில் நிற்கவில்லை. திருவையாற்றில் கட்சி என்றால் கோஷ்டி. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று வித்வான்கள் பிரிந்து நின்று தனித்தனியே ஆராதனை நடத்திய காலம் அது. எதெதற்கோ சண்டை போட்டவர்கள், பெண்கள் மேடையேறக் கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். காரணம் கேட்டால் சம்பிரதாயம் என்றார்கள். அன்றைக்குப் பொதுமேடையில் பாடிய பெண்களில் பெரும்பாலோர் தேவதாசிக் குடும்பத்தார். அதைச் சேர்த்து வாசித்தால் சம்பிரதாயத்தின் பொருள் விளங்கிவிடும்.

இந்தத் தடையை எதிர்த்து நின்ற பெங்களூர் நாகரத்தினம்மாளின் பக்தியைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவருடைய நிலத்தின் மேல்தான் கண். தியாகராஜர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று 1921-ல் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா அவருக்கு எழுதினார். அப்போது நாகரத்தினம்மாள் சென்னையில் பேரும் புகழும் பெற்ற பாடகி. கச்சேரி கச்சேரியாகப் பாடிச் சேர்த்த பணத்தைக் கொண்டு சமாதியைச் சுற்றியிருந்த நிலத்தை வாங்கினார். அந்த ஆண்டு அக்டோபரில் அடிக்கல் நாட்டி, 1925 ஜனவரி 7 அன்று கோயிலுக்குக் குடமுழுக்கும் நடத்தி முடித்தார்.

அதன் பிறகும் ஆராதனையில் அவர் பாடக் கூடாது. வீட்டுக்காரி திண்ணையில், வந்தவர்கள் கூடத்தில். 1927-ல் அவர் தன் சகாக்களைத் திரட்டிக்கொண்டு, சன்னதிக்குப் பின்புறம் பெண்களின் கச்சேரிகளைத் தொடங்கினார். அதுதான் பெண்கள் கட்சி. முன்புறத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்திருக்கலாம். 'எழுந்து போ' என்று மட்டும் சொல்ல முடியாது. அவர்கள் உட்கார்ந்திருந்த இடமே அவர் காசில் உண்டானது. ஒருவருடைய குரலை மட்டம் என்று சொல்லலாம், குலத்தைச் சொல்லி ஏசலாம். கிரயப் பத்திரத்தை என்ன செய்வது?

நிலத்தை வாங்கும் யோசனை அவருக்கு எப்படித் தோன்றியது? என் ஊகம் இது. பெண்கவிஞர் முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை, வெட்டப்பட்ட பாடல்களையும் சேர்த்து 1910-ல் அவர் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்கியது 1947-ல். ('ஆபாசம்' என்பதற்கு அதிகாரிகள் தந்த பொருள், எழுதியவளும் பெண், பதிப்பித்தவளும் பெண் என்பதற்கு மேல் எவ்வளவு தூரம் போனது என்று எனக்குச் சந்தேகம்தான்.) புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம், நிலத்தை அப்படிச் செய்ய முடியாது என்று அவர் அப்போதே கணக்குப் போட்டிருப்பார்.

அதே 1927-ன் டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டன் காட்டன் கிளப்பில் வாசிக்கத் தொடங்கினார். மேடையில் இருந்தவர்கள் கறுப்பர்கள், முதலாளி வெள்ளைக்காரர்; கேட்க வரும் கறுப்பருக்கு வாசலிலேயே தடை. திருவையாற்றில் தலைகீழ்: பெண்கள் கீழே அமர்ந்து கேட்கலாம், மேலே ஏறக் கூடாது. இடம் யாருடையதோ, கோடு கிழிப்பதும் அவர்தான். ஆகவே அங்கேயும் சிலர் இடத்தைத் தங்களுடையதாக்கினார்கள். எட் ஸ்மால்ஸ் என்ற கறுப்பர் 1925-ல் ஹார்லெமில் திறந்த ஸ்மால்ஸ் பாரடைஸ் எல்லா நிறத்தாரையும் உள்ளே விட்டது. நியூ ஆர்லியன்ஸில் பிராங்க் பெய்னியா 1939-ல் நிறுவிய ட்யூ டிராப் இன்னில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து உட்கார்ந்ததற்காக, 1952-ல் ஹாலிவுட் நடிகர் சக்காரி ஸ்காட்டையே போலீஸ் பிடித்துப் போனது. சங்கரன்கோவில் நண்பரே, ஒதுங்கிக்கொண்டவர்களைத் தேடிப் போலீஸ் எதற்கு வரும்?

உங்கள் ஊருக்கு அருகிலேயே கழுகுமலை இருக்கிறது. தேர்வீதியில் மேளதாளத்தோடு ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டது. கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கராகி, தேர்வீதியிலேயே ஓர் இடம் வாங்கி ஜெபக்கூடம் அமைத்தார்கள். 1895-ல் தேர் கிளம்பிய நாளில் மோதல் வெடித்து உயிர்கள் போயின. நிலம் வாங்கும் உத்தி எல்லா ஊரிலும் சங்கீதமாகவே முடிந்துவிடவில்லை. அதோடு, அதற்குக் கையில் காசு வேண்டும். நாகரத்தினம்மாளிடம் இருந்தது, கரகம் எடுத்தவளிடமும் பறையடித்தவரிடமும் இருந்ததா?

திருவையாற்றுக்கே திரும்புவோம். 1940-ல் அங்கே கட்சிகள் 'ஒன்றுபட்டன'. விழா மலர்களில் தவறாமல் வரும் சொல் அது. யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை அந்தச் சொல் விழுங்கிவிடும். மறு ஆண்டிலிருந்து பெண்கள் முன்மேடையில் பாடினார்கள், அது வெற்றிதான். ஆனால் பின்புறத்து மேடை போயிற்று. பெண்களுக்கென்று திறந்த கதவில் போகப் போக தேவதாசிக் குடும்பம் சாராத பெண்கள் அதிகம் நுழைந்தார்கள்; அந்தக் கதவை உடைத்தவர்களின் பேத்திகள் குறைந்துகொண்டே போனார்கள். அமெரிக்காவிலும் 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு எல்லா வாசலும் திறக்க, கறுப்பர்களின் விடுதிகளில் கூட்டம் கரைந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாத மாற்றம்தான். கணக்கில் இந்தப் பற்றையும் எழுத வேண்டும் என்கிறேன்.

நாகரத்தினம்மாள் விழா மலரை நம்பி இருந்துவிடவில்லை. 1949-ல் எழுதிய உயிலில் சொத்தை அறக்கட்டளைக்கு வைத்து, பெண்கள் தடையின்றிப் பாட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்.

மீதிக் கேள்விகள்.

கோயிலை அரசு கட்டியதா? இல்லை.

நாகரத்தினம்மாள் தமிழரா? பிறந்தது மைசூர்ச் சீமையின் நஞ்சன்கூட்டில், 1878-ல்.

அவர் சமாதி எங்கே? தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே, 1952-ல் காலமானார்.

ட்யூ டிராப் இன் இப்போது உண்டா? பல்லாண்டுகள் பாழாய்க் கிடந்து, 2024-ல் மறுபடி திறந்தார்கள்.

பெண்கள் கட்சிக்குச் சின்னம் என்ன? தம்புரா என்று வைத்துக்கொள்ளுங்கள்.