கடைவீடுகளுக்குப் பின்னே ஒரு பள்ளிவாசல்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையையும் ஜாலான் புசாரையும் இணைக்கும் டன்லப் தெருவில் அமைந்துள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசல், அந்நகரில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய வழிபாட்டிடங்களுள் அலங்காரச் செறிவு மிக்கதாகும். 1907இல் கட்டத் தொடங்கப்பட்டு 1910ஆம் ஆண்டளவில் பெரும்பகுதி நிறைவுற்ற இக்கட்டடம், 1979இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இதன் குமிழ்க் கவிகையும் இதழ் வளைவுகளும் முன்பே அறிந்தவை போலத் தோன்றும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிகளை அறிந்தவருக்கோ இது முற்றிலும் வேறொரு மரபைச் சேர்ந்ததாகவே படும். தமிழகக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு சமூகம் தன் ஊர்ப் பள்ளியின் சாயலில் கட்டாமல் இப்படியொரு வடிவத்தை ஏன் தேர்ந்தது என்பதற்கு, அது நிற்கும் நிலத்தின் கதையிலும் அதைக் கட்டிய காசின் கதையிலும் விடை தேட வேண்டியிருக்கிறது.

இன்று நகைக்கடைகளும் உணவகங்களும் நிறைந்திருக்கும் இவ்வட்டாரம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுப்பும் தோட்டமுமாக இருந்தது. 1820களில் இங்கே செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் ஏற்பட்டு, அவற்றில் இந்தியர் உழைத்தமையால், தமிழர் இப்பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். கம்போங் காப்போர் என்னும் மலாய்ப் பெயரும் அதே சுண்ணாம்பைத்தான் குறிக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசும் சென்னைச் சுண்ணப்பூச்சு, இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்து 1862இல் அர்ச்சிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்சுவர்களைப் பளிங்கு போல் ஆக்கியது என்பதை நினைத்தால், சிங்கப்பூரின் தொடக்ககாலக் கட்டடக் கலையில் தென்னிந்தியக் கைத்திறனுக்கு இருந்த இடம் விளங்கும்.

1840களில் இதனருகே, இன்று ஃபேரர் பார்க் எனப்படும் திடலில், குதிரைப் பந்தய மைதானம் அமைந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்னும் தெருப்பெயர் அதன் எச்சம். குதிரைகள் இருந்தால் அவற்றைப் பேண ஆள் வேண்டும். ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் இடையிலுள்ள பாவியான் தீவிலிருந்து வந்த மக்கள் குதிரைக்காரர்களாக இங்கே குடியேறினர். கால்நடை வணிகம் பெருகவே தென்னிந்திய வணிகரும் தொழிலாளரும் சேர்ந்தனர். இவ்விரு முஸ்லிம் பிரிவினருக்கும் பொதுவாக டன்லப் தெருப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு மரப் பள்ளி இருந்தது. மொழியும் ஊரும் வேறான இரு கூட்டத்தார் ஒரே கூரையின் கீழ்த் தொழுத இடம் அது என்பதால், தமிழ் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரிய பள்ளியாக இதன் தொடக்கத்தைச் சித்திரிப்பது சரியாகாது.

அந்த மரப் பள்ளியைச் செங்கல் கட்டடமாக மாற்றும் முயற்சியில் முதன்மையானவர், ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தலைமை எழுத்தராகப் பணியாற்றிய ஷேக் அப்துல் கஃபூர் பின் ஷேக் ஹைதர் ஆவார். அவர் கப்பல் முதலாளியோ நிலக்கிழாரோ அல்லர். ஆனால் பத்திரம், அறக்கட்டளை, குத்தகை ஆகியவற்றின் நுணுக்கம் புரியும் அலுவலகத்தில் இருந்தவர். அறங்காவலர்கள் கையாண்ட வழி வக்ஃபு என்னும் இஸ்லாமிய அறக்கொடை முறையாகும். அதாவது, ஒரு சொத்தை விற்கவோ பிரிக்கவோ இயலாதபடி இறைவழிக்கென ஒதுக்கிவிட்டு, அதிலிருந்து வரும் வருவாயை மட்டும் அறச் செயலுக்குப் பயன்படுத்துவது. பள்ளிக்குரிய நிலத்தில் 1887இலும் 1903இலும் கடைவீடுகளும் தங்கும் வீடுகளும் கட்டப்பட்டன. கடைவீடு என்பது கீழ்த்தளத்தில் கடையும் மேல்தளத்தில் குடியிருப்புமாக, முன்புறம் நடைபாதைக்குக் கூரையிட்டு, அடுத்த வீட்டோடு சுவர் பகிர்ந்து நிற்கும் சிங்கப்பூரின் வழக்கமான கட்டட வகை. அவற்றின் வருவாய் பள்ளி கட்டும் நிதிக்குச் சேர்ந்தது. தெரு முகப்பைக் கடைவீடுகள் எடுத்துக்கொள்ள, பள்ளிவாசல் அவற்றின் பின்னே சற்று உள்ளடங்கி நிற்பதற்கு இதுவே காரணமாகும்; நகரத்தில் நிலத்தின் விலையறிந்த ஒருவரின் கணக்கு அதில் தெரிகிறது.

கட்டடக் கலை நோக்கில் இப்பள்ளி இந்தோ சாரசனிக் எனப்படும் பாணியோடு தொடர்புடையது. முகலாய, மூரிய வடிவங்களை ஐரோப்பியக் கட்டுமான ஒழுங்கோடு கலந்து, பிரிட்டிஷ் ஆட்சியின் பொறியாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் பரப்பிய இப்பாணிக்கு, 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றமும், கோலாலம்பூரில் 1909இல் திறக்கப்பட்ட ஜாமிக் பள்ளிவாசலும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள். டன்லப் தெருப் பள்ளியில் ஐந்து இதழ் மலர்ந்தாற்போன்ற மூரிய வளைவுகள் வரிசையாக நிற்க, அவற்றின் அருகிலேயே இலை வேலைப்பாடு கொண்ட தலைகளையுடைய அரைத்தூண்கள், கிரேக்க, ரோமானிய மரபை நினைவூட்டும் வகையில் சுவரோடு ஒட்டி எழுகின்றன. கூரை விளிம்பைச் சுற்றிலும் சிறு மினாராக்கள் என்னும் கோபுரங்கள் பிறையும் நட்சத்திரமும் தாங்கி நிற்கின்றன. நடுவே உயரும் கோபுர அமைப்பின் சன்னல்கள் வழியே ஒளி உள்ளே இறங்க, அதன் உச்சியில் குமிழ்க் கவிகை அமர்ந்திருக்கிறது.

முதன்மை வாயிலுக்கு மேலே, முகப்பின் நெற்றியில் அமைந்துள்ள கதிரவன் வடிவம் இப்பள்ளியின் தனி அடையாளம். அதிலிருந்து 25 கதிர்கள் விரிகின்றன. திருக்குர்ஆனில் பெயர் சுட்டப்படும் நபிமார் 25 பேரின் பெயர்கள் அரபு எழுத்தணியில் கதிர்தோறும் பொறிக்கப்பட்டுள்ளன. உயிர்களின் உருவங்களை வழிபாட்டிடத்தில் வடிப்பதை இஸ்லாமிய மரபு தவிர்ப்பதால், எழுத்தும் கொடியும் வடிவியல் கோலமுமே அங்கே சிற்பத்தின் வேலையைச் செய்கின்றன. கோயில் கோபுரத்தில் சுதைச் சிற்பி ஒரு புராணத்தைச் சொல்லும் இடத்தில், இங்கே பெயர்களே நபிமார் வரிசையைச் சொல்லிவிடுகின்றன. சுற்றுலாக் கையேடுகள் சில இதைச் சூரியக் கடிகாரம் என்கின்றன. ஆனால் இது நேரம் காட்டும் கருவியன்று, அலங்காரமே. உள்ளே, ஆதம் நபி தொடங்கி முகம்மது நபி வரையிலான வழிமுறையைக் காட்டும் வரைபடமும் இடம்பெற்றுள்ளது.

இதற்கு எண்பது ஆண்டுகள் முன்னரே சிங்கப்பூரின் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிகளோடு ஒப்பிட்டால் மாற்றம் தெளிவாகும். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களைச் சூலியாக்கள் என்பது வழக்கம். அவர்கள் அன்சார் சாகிபின் தலைமையில் 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிறுவிய ஜாமியா சூலியா பள்ளி, 1830க்கும் 1835க்கும் இடையே இன்றைய வடிவம் பெற்றது. பெரிய பள்ளி என்று தமிழர் அழைக்கும் அதன் வாயிலில், எண்கோண மினாராக்கள் இரண்டுக்கு இடையே, குட்டிக் கதவுகளும் சிறு சன்னல்களும் கொண்ட ஒரு மாளிகையின் முகப்பு சிற்றளவில் செய்து வைக்கப்பட்டுள்ளது. நாகூர் ஆண்டகை சாகுல் ஹமீது நினைவாகத் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை எழுப்பப்பட்ட தர்காவும் இவ்வகையினதே. அத்தெருவிலேயே 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிக்குக் குச்சுப் பள்ளி என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெரிய பள்ளியில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: வாயில் தெருவின் போக்கோடு ஒத்து நிற்க, தொழுகைக் கூடமோ தொழுவோர் முகம் நோக்க வேண்டிய மக்காவின் திசையான கிப்லாவை நோக்கித் திரும்பியுள்ளது. சிங்கப்பூரிலிருந்து அது மேற்கே சற்று வடக்கு சாய்ந்த திசை.

தாயகத்தில் நிலைமை வேறு. 17ஆம் நூற்றாண்டு வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரைப் பெரிய பள்ளியில் செதுக்கு வேலைப்பாடுள்ள கல்தூண்களும் தட்டைக் கூரையும் உள்ளன. தமிழகத்துத் தச்சர் தாம் அறிந்த மண்டபக் கலையில் உருவங்களை மட்டும் விலக்கிவிட்டுக் கட்டிய பள்ளி அது. டன்லப் தெருவினருக்கு அத்தகைய கல்லும் இல்லை, கல்தச்சரும் இல்லை. செங்கல்லும் சுதையும் மட்டுமே கைக்கு எட்டின. அதைவிட, பேரரசின் துறைமுக நகரில் நீதிமன்றமும் அரசு அலுவலகமும் எந்த உடையில் நின்றனவோ அந்த உடையைத் தம் பள்ளிக்கும் அணிவிக்க விரும்பியிருப்பர் என்று கருதுவதே பொருத்தம். 1920களில் டெனிஸ் சாண்ட்ரி வடிவமைத்த கம்போங் கிளாம் சுல்தான் பள்ளியும் அதே பாணியில் எழுந்ததால், டன்லப் தெருப் பள்ளியினர் ஓர் அலைக்கு முந்திக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம்.

1927இல் பள்ளியும் சொத்துக்களும் முகமதிய, இந்து அறக்கட்டளை வாரியத்தின் பொறுப்பில் வந்தன. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட அவ்வாரியம், மாரியம்மன் கோயிலையும் பள்ளிவாசல்களையும் ஒருங்கே மேற்பார்த்தது என்பது இன்று வியப்பளிக்கலாம். 1968இல் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமும் அடுத்த ஆண்டில் இந்து அறக்கட்டளை வாரியமும் அமைந்தபின் இருவர் சொத்தும் பிரிந்தன. கட்டடம் 2003இல் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. லிட்டில் இந்தியா முழுவதும் 1989இலேயே பாதுகாப்புப் பகுதியாகிவிட்டதால், சுற்றியுள்ள கடைவீடுகளும் இடிபடாமல் தப்பின.

இங்கே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன் நிகழும் குத்பா என்னும் சொற்பொழிவு தமிழில் அமைகிறது. பிற சமயத்தாரும் உள்ளே சென்று பார்க்கலாம். தொழுகை நேரங்களைத் தவிர்த்து, காலணியைக் கழற்றிவிட்டு, கையும் காலும் மறையும் உடையில் செல்வது முறை. செல்வோர் கதிரவனை மட்டும் படமெடுத்துத் திரும்பாமல், அதற்கு முன்னே தெருவில் நிற்கும் கடைவீடுகளையும் நின்று பார்க்க வேண்டும்.