கையெழுத்து... உங்க கையில்!

பாகூர், வில்லியனூர் மக்களே... இந்த சீன் உங்களுக்குப் பழகினதுதான்.

அட்மிஷனுக்கு நாளைக்குக் கடைசித் தேதி. ஜெராக்ஸ் எல்லாம் ரெடி. 'நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கணுமாம்' என்று யாரோ ஒரு புண்ணியவான் கொளுத்திப் போடுகிறார். உடனே அப்பா அன்னிக்கு வேலைக்கு லீவு. ரெண்டு பேரும் பஸ் பிடிச்சு, கடலூர் ரோடு கோர்ட் வளாகத்துக்கு ஓடறீங்க. பஸ் காசு, கையெழுத்துக் காசு, அதோட அப்பாவோட ஒரு நாள் கூலி... மொத்தமும் காலி. மறுநாள் கவுன்ட்டர்ல, 'இதுக்கு எதுக்குப்பா நோட்டரி? நீயே கையெழுத்துப் போட்டா போதுமே!' என்கிறார்கள். எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் இந்த அலைச்சல் கம்மி. அங்கே பல பொது நூலகங்களில் நூலக ஊழியரே நோட்டரியாக இருப்பார். புத்தகம் எடுக்கப் போற இடத்திலேயே சீலும் வாங்கிட்டு வந்துடலாம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நோட்டரி ஆக வக்கீலாக இருக்கணும்னு அவசியமே இல்லை.

'அட, நம்ம ஊர் கிளை நூலகத்திலும் இப்படிச் செய்யலாமே!' என்று தோணுதா? ஸாரி பாஸ். நம்ம நாட்டில் 1952-ம் வருட நோட்டரி சட்டமும் 1956-ம் வருட விதிகளும்தான் கணக்கு. பொதுப் பிரிவு வக்கீல் என்றால் குறைந்தது 10 வருஷம் பிராக்டீஸ் செய்திருக்கணும். பிறகு அரசு நியமிக்கணும். அதனால் நம்ம நூலகர் சாரிடம் போய் சீல் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீங்க!

சரி, உண்மையில் எதுக்கு யார் கையெழுத்து வேணும்?

நீங்களே போடுவது: சாதாரண மார்க் ஷீட், டி.சி., ஜாதிச் சான்றிதழ் நகல்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். கெஸட்டட் ஆபீஸர் பச்சை இங்க்கில் கையெழுத்துப் போடும் முறையைக் குறைத்து, சுய சான்றொப்பத்துக்கு மாறுங்கள் என்று 2013-லேயே மத்திய அரசின் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வலியுறுத்திவிட்டது. நகலில் 'உண்மை நகல்' என்று எழுதி, கையெழுத்து, பெயர், தேதி போடுங்க. மேட்டர் ஓவர். ஒரிஜினலைச் சேரும்போது காட்டணும். பொய் நகலில் கையெழுத்துப் போட்டால் சீட்டும் போகும், கேஸும் வரும்.

பாஸ்போர்ட்: இதற்கான உறுதிமொழிப் படிவங்களை வெள்ளைத்தாளில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், நோட்டரி தேவையில்லை என்று 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது.

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி: யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைப் படிவத்தில் ஓத் கமிஷனர் கையெழுத்துக்கே இடம் இருந்தது. இப்போது ஆன்லைனில் பதிவு செய்யலாம்.

நோட்டரிகிட்ட போக வேண்டியது: ப்ளஸ் டூ முடிச்சு ஒரு வருஷம் சும்மா இருந்தீங்களா? மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேற பெயரா? இதற்கெல்லாம் சில கல்லூரிகள் அஃபிடவிட் கேட்கும். அப்போ மட்டும் பஸ் ஏறுங்க. ஆனா ஒண்ணு... அஃபிடவிட் வாங்கியதும் மார்க் ஷீட்டில் பெயர் தானாக மாறிடாது. அதைத் திருத்த, மார்க் ஷீட் கொடுத்த தேர்வு அமைப்புக்குத்தான் எழுதணும்.

போகும்போது நாலு விஷயம் மனசில் வைங்க. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க, அவர் முன்னாடி போடணும். அவருடைய சீல் 5 செ.மீ. வட்டமாக, பெயர், பதிவு எண், எந்தப் பகுதிக்கு நோட்டரி என்பதோடு இருக்கணும். கட்டணப் பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி மாட்டி வைக்கணும், வாங்கும் காசுக்கு ரசீது தரணும் என்பது விதி. அதனால் கூச்சப்படாமல், 'சார், ரசீது?' என்று கேளுங்க. சரிபார்த்த கையோடு ஒரிஜினலைத் திருப்பி வாங்கிடுங்க.

இங்கே நம்ம ஊர்த் தாத்தாக்கள் குறுக்கே வருவாங்க. 'பிரெஞ்சுக்காரன் காலத்துல நொத்தேர்கிட்டதான் மூலப் பத்திரமே இருக்கும்'னு சொல்வாங்க. அது உண்மைதான். பிரெஞ்சு முறையில் மூலம் நொத்தேரிடம், நகல்தான் நம்மிடம். இப்போதைய நோட்டரிக்கு அந்த வேலை இல்லை. உங்க ஒரிஜினல் உங்க பையில்தான் இருக்கணும்.

அப்போ நூலகத்துக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கே! 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் புதுச்சேரி டவுனில் இருக்கு. கொம்யூன் பக்கம் கிளை நூலகங்கள் இருக்கு. மேஜை, நாற்காலி, வெளிச்சம், அமைதி எல்லாம் அங்கே இலவசம். உங்க ஊரில் காலேஜ் படிக்கும் சீனியர்கள் நாலு பேர் சென்டாக் சீஸனில் நூலகரிடம் சொல்லிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அங்கே உட்காருங்க. முதல் தலைமுறையாகக் காலேஜ் போகும் தம்பி, தங்கைகளின் படிவத்தை வாங்கிப் படிச்சு, 'இதுக்கு உன் கையெழுத்து போதும், இதுக்குத்தான் நோட்டரி' என்று பென்சிலில் டிக் அடிச்சுக் கொடுங்க. பத்து நிமிஷ வேலை. அதில் ஒரு அப்பாவின் ஒரு நாள் கூலி மிச்சம்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'சுய சான்றொப்பமிட்ட நகல்' என்று ஒரு வரி இருக்கும். அடுத்த பஸ்ஸுக்கு ஓடறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைப் படிச்சிடுங்க... ஓகேவா?