ஆசிரியரின் மனச்சோர்வும் தன்மதிப்பும்

கோவிட் தொற்றினால் 18.3.2020 முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்படவே, ஆசிரியர்கள் கைத்தொலைபேசி வாயிலாகப் பாடம் போதித்தனர். பல வீடுகளிலிருந்து மறுமொழி வரவில்லை. ‘நம் உழைப்பு வீணோ?’ என்னும் ஐயம் அவர்களது தன்மதிப்பைக் குலைத்தது.

இதனைப் பணிச்சோர்வு என்பர். ஆற்றல் வற்றுதல், வேலையில் பற்றுக் குறைதல், தம் திறமையில் நம்பிக்கை இழத்தல் ஆகிய மூன்றும் இதன் கூறுகள் என 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் விளக்கியது.

இது சோம்பல் அன்று. அளவுக்கு மிஞ்சிச் சீவிய ரப்பர் மரம் பால் வற்றிப்போவதை நீங்கள் அறிவீர்கள். மனித மனமும் அத்தகையதே.

தொற்றுக் காலங்களில் ஆசிரியரை இரவில் அழைப்பதைத் தவிருங்கள். பிள்ளை கற்ற ஒரு பாடத்தையேனும் அவரிடம் எடுத்துக் கூறுங்கள். தம் உழைப்பின் பலனைக் காணும் ஆசிரியரே தளராது கற்பிப்பார் என நாம் நம்புகிறோம்.