நரியைத் தேடும் ஆன்டெனா... அரிக்கொம்பனைத் தேடிய சிக்னல்!

எங்கள் தாத்தாவின் டிரான்ஸிஸ்டருக்கு ஒரு திசை உண்டு. ஆண்டிபட்டி வீட்டுத் திண்ணையில், சுவரை ஒட்டி, ஒரே கோணத்தில்தான் அதை வைப்பார். கூட்டிப் பெருக்கும்போது யாராவது கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும், மாலைச் செய்தி நேரத்தில் பெட்டி கரகரக்கும். "எவன்டா இத நகட்டுனது?" என்று வீடே அதிரும். பிறகு அவரே பெட்டியை அரை அங்குலம் இப்படி, கால் அங்குலம் அப்படித் திருப்புவார். திடீரென்று மதுரை வானொலி பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோலத் தெளிவாகப் பேசும்.

அது தாத்தாவின் கைராசி என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் அவர் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. வானொலித் திசை காணல். உலகம் முழுக்க அதை ஒரு விளையாட்டாக ஆடுகிறார்கள். அதற்கென உலகப் போட்டியே நடக்கிறது. அதே வேலையைத்தான் 2023-ம் ஆண்டு கோடையில், நம் கம்பம் பள்ளத்தாக்கில், ஒரு யானைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தார்கள்.

பழைய டிரான்ஸிஸ்டரின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே மேல்பக்கமாக, கறுப்பாக ஒரு குச்சி, அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி இருக்கும். அது ஃபெர்ரைட் குச்சி. மீடியம் வேவ் அலைகளைப் பிடிக்கும் ஆன்டெனா அதுதான். நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காகக் குச்சி இருந்தால் சத்தம் அதிகம். குச்சியின் முனை நிலையத்தை நேராகப் பார்த்தால் சத்தம் அடங்கிவிடும். சத்தம் கூடும் இடத்தைத் துல்லியமாகச் சொல்வது கஷ்டம். ஆனால், அடங்கும் இடம் சட்டென்று தெரியும். அதனால், திசை தேடுகிறவர்கள் காது கேட்காத இடத்தைத்தான் தேடுகிறார்கள்!

ஆண்டிபட்டியில் நின்று மதுரை நிலையத்தை வைத்து இப்படித் திருப்பினால், சத்தம் அடங்கும்போது பெட்டியின் நீளப்பக்கம் ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கும். இதில் ஒரு சிக்கல். நிலையம் கிழக்கில் இருக்கிறதா, மேற்கில் இருக்கிறதா? குச்சிக்கு இரண்டு முனை இருப்பதால் பெட்டிக்கு அது தெரியாது. ஆனால், அதே பெட்டியைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்த் திருப்பினால், அங்கே ஏறக்குறைய வடக்கு தெற்காக ஒரு கோடு கிடைக்கும். இரண்டு கோடுகளையும் மேப்பில் போட்டு நீட்டினால், அவை வெட்டிக்கொள்கிற இடம் மதுரை. ஒளிந்திருக்கும் எந்த டிரான்ஸ்மிட்டரையும் கண்டுபிடிக்கும் சூத்திரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் ஓட்டமும் மூச்சிரைப்பும்.

நரி வேட்டை

ஹாம் ரேடியோக்காரர்கள் இந்த விளையாட்டை 'ஃபாக்ஸ் ஹன்ட்' என்கிறார்கள். எந்த நரிக்கும் ஆபத்தில்லை. நரி என்பது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாகக்கூட இருக்கக்கூடிய ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். அதைப் புதருக்குள்ளோ, மரப்பொந்திலோ, பாலத்துக்கு அடியிலோ ஒளித்துவைத்துவிடுவார்கள். கையில் ரிசீவரும் ஆன்டெனாவுமாக மற்றவர்கள் அதைத் தேடிப் போக வேண்டும். முதலில் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஓடிவந்து சேர்பவருக்கு வெற்றி.

முறையான போட்டி என்றால் 5 நரிகள். ஒவ்வொன்றும் 1 நிமிடம் கூவிவிட்டு 4 நிமிடம் வாயை மூடிக்கொள்ளும். அந்த 4 நிமிடமும் மற்ற நான்கும் முறைவைத்துக் கூவும். எல்லாம் ஒரே அலைவரிசை. எது எந்த நரி என்று எப்படித் தெரியும்? மோர்ஸ் குறியீட்டில் எல்லாமே 'எம்', 'ஓ' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கி, கடைசியில் முதல் நரி ஒரு குத்து, இரண்டாம் நரி இரண்டு குத்து என்று ஐந்து வரை போகும். மோர்ஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குத்துகளை எண்ணத் தெரிந்தால் போதும். இதில் முதல் உலக சாம்பியன்ஷிப் 1980-ல் போலந்தில் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளும் 60 வயதைத் தாண்டியவர்களும் அவரவர் வயதுப் பிரிவில் காட்டுக்குள் ஓடுகிறார்கள்.

3.5 மெகாஹெர்ட்ஸ், 144 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஆடுவார்கள். முதலாவதுக்குத் தாத்தாவின் ரேடியோ போலவே ஃபெர்ரைட் குச்சி அல்லது வளைய ஆன்டெனா. கூடவே ஒரு சின்ன நேர் கம்பியும் இருக்கும். அதைப் பொத்தான் அழுத்திச் சேர்த்துக்கொண்டால், முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டாவதுக்கு, அந்தக் காலத்து மாடி டி.வி ஆன்டெனாவைச் சுருக்கியதுபோல ஒன்று. இதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பிவிசி பைப்பும், தச்சர்கள் வைத்திருக்கும் ஸ்டீல் டேப்பும் போதும். 144 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். ஆகவே, ஏறக்குறைய 1 மீட்டர் நீளத்தில் மூன்று டேப் துண்டுகளைப் பைப்பில் குறுக்காகக் கட்டினால் ஆன்டெனா தயார். முள்ளுக்குள் புகும்போது டேப் வளைந்து கொடுக்கும், வெளியே வந்ததும் நிமிர்ந்துகொள்ளும். கருவேலங்காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆன்டெனா கிடையாது!

சரி, ஆண்டிபட்டிக் கணவாயில் ஒரு நரியை ஒளித்தால் என்ன ஆகும்? நன்றாக ஏமாறுவோம். 144 மெகாஹெர்ட்ஸ் அலை பாறையில் பட்டுத் திரும்பும். நரி ரோட்டுக்குத் தெற்கே இருக்கும். சிக்னலோ வடக்கே இருக்கிற மலையில் மோதி வரும். ஆன்டெனா, "அதோ, மலை மேலே!" என்று சத்தியம் செய்யும். புதிதாக வந்தவர் மூச்சு வாங்க மலையேறுவார். பழகியவர் ஏறமாட்டார், மேடான, வெட்டவெளியான மூன்று நான்கு இடங்களில் நின்று கோடு போட்டுப் பார்ப்பார். எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் நடக்கவே தொடங்குவார்.

அடுத்த தொல்லை, கிட்டே போனால் வருவது. நரிக்கு 50 மீட்டர் அருகில் வந்துவிட்டால் சிக்னல் வெள்ளமாகக் கொட்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சத்தம். அப்போது சிக்னலை வேண்டுமென்றே குறைக்கும் ஒரு கருவியை இடையில் மாட்டுவார்கள். அது இல்லாதவர்கள் வாக்கி டாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றுவார்கள். உடம்பு அலையை மறைக்கும். சத்தம் எப்போது குறைகிறதோ, அப்போது நரி முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சாமி வந்து ஆடுகிறார்போலத் தெரியும்.

கழுத்தில் நரி கட்டிய யானை

இனி விளையாட்டல்லாத கதை.

2023 ஏப்ரல் 29. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றே பெயரெடுத்த அரிக்கொம்பனை, கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். யானைக்குக் கேரளம், தமிழ்நாடு என்ற எல்லை தெரியுமா? சில நாட்களிலேயே மேகமலைப் பக்கம் வந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் அந்தி சாய்ந்தால் வெளியே வர அஞ்சினார்கள். திரும்பிப் போனது. மே 27 காலையில் கம்பம் நகரத் தெருவிலேயே ஓடியது. அந்த வீடியோவை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள்.

இப்படிப்பட்ட காலர்களில் பெரும்பாலும் இரண்டு ஏற்பாடுகள் இருக்கும். ஒன்று, ஜி.பி.எஸ் மூலம் தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் செயற்கைக்கோள் வழியாக அனுப்புவது. இன்னொன்று, நரி டிரான்ஸ்மிட்டர் போலவே, விடாமல் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு வி.எச்.எஃப் சிக்னல். முதலாவது கம்ப்யூட்டர் திரையில் ஒரு புள்ளி காட்டும். ஆனால், அந்தப் புள்ளி சில மணி நேரத்துக்கு முந்தையதாக இருக்கலாம். அதற்குள் யானை பல கிலோமீட்டர் நடந்திருக்கும். அடர்ந்த காடு, பள்ளத்தாக்கு என்றால் புள்ளியே வராமலும் போகலாம். அரிக்கொம்பனைப் பெரியாறில் விட்ட சில நாட்களிலேயே, சிக்னல் கிடைக்கவில்லை என்று செய்தி வந்து எல்லோரையும் பதறவைத்தது.

புள்ளி பொய்த்துப்போகும் இடத்தில்தான் ஆன்டெனா தேவைப்படுகிறது. கையில் பிடித்துத் திருப்பி, "இந்தப் பக்கம்" என்று இந்த நொடியின் பதிலைச் சொல்வது அதுதான். ஜி.பி.எஸ் வருவதற்கு முன்பு, முதுமலையில் யானைகளின் நடமாட்டத்தை ஆராய்ந்தவர்கள் முழுக்க இப்படித்தான் தேடினார்கள். நரி வேட்டைக்காரர் செய்வதும் இதேதான். ஒரே வித்தியாசம், நரி திரும்பி ஓடிவந்து மிதிக்காது.

கம்பத்தில் 144 தடை உத்தரவு போட்டார்கள். மக்கள் வீட்டுக்குள் அடைந்துகிடந்தார்கள். யானை பதுங்கியிருந்த தோப்புக்கு மேலே யாரோ டிரோன் பறக்கவிட, அது மிரண்டு ஓடியதாகச் செய்தி வந்தது. வேடிக்கை பார்க்கும் ஆசைக்கு ஓர் எல்லை வேண்டாமா? யானை ஓடிய நாளில் காயமடைந்த ஒருவர், 3 நாள் கழித்து இறந்துபோனார். அதன்பின் யானை சண்முகா நதி அணைப் பக்கம் காட்டுக்குள் நகர்ந்தது. ஆனைமலையிலிருந்து கும்கிகள் வந்தன. வாழை, திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு ஒவ்வோர் இரவும் 'இப்போது எங்கே இருக்கிறது?' என்ற ஒரே கேள்விதான். ஜூன் 5 அதிகாலையில் மீண்டும் மயக்க ஊசி. லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மேல் கோதையாறு பகுதியில் விட்டார்கள். அதன் பிறகும் அந்தக் காலர் சிக்னலை வைத்துத்தான் அதன் நலத்தை வனத்துறை சொல்லிக்கொண்டிருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலர் யானையைத் தடுக்காது. கம்பத்துக்குள் நுழைந்ததும் கழுத்தில் காலரோடுதான். அது எங்கே இருக்கிறது என்று தெரிவது ஒன்று, அங்கே மனிதர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்வது வேறொன்று. காலர் மாட்டியாகிவிட்டது, இனி கவலையில்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

மலை ஏறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயை இந்த மாவட்டம் மறக்காது. செல்போன் எடுக்காத மலைமடிப்புகள் நம்மிடம் நிறைய. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகளை, பல நாடுகளில் மலையேறுபவர்கள் எடுத்துச் செல்கிறார்கள். நம் மீனவர்களுக்காக இஸ்ரோவும் அபாய எச்சரிக்கைக் கருவியை உருவாக்கியிருக்கிறது. மலையேறுபவர்களின் கருவி 121.5 மெகாஹெர்ட்ஸிலும் துடிக்கும். ஏன் தெரியுமா? செயற்கைக்கோள் ஏறக்குறைய இடத்தைச் சொன்ன பிறகு, கடைசித் தூரத்தைத் தேடுபவர் ஆன்டெனாவோடு நடந்தே கடக்க வேண்டும் என்பதால்தான்.

யார் சேரலாம்?

இந்தப் பொழுதுபோக்கு நமக்குப் புதிதல்ல. 1924-லேயே சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஆர்வலர்கள் தொடங்கி, ஒலிபரப்பும் செய்தார்கள். ராஜீவ் காந்தி ஒரு ஹாம். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, வானொலிப் பயணமாக போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத், அந்தமானிலிருந்து நிலப்பகுதிக்குச் செய்தி அனுப்பியதை அன்று நாடே பாராட்டியது.

12 வயது நிரம்பிய யாரும் மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்கலாம். முதல் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. அடுத்த நிலைக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகம் வேண்டும். நரியை ஒளித்துவைத்து ஒலிபரப்ப லைசென்ஸ் கட்டாயம். லைசென்ஸ் இல்லாமல் விளையாட்டாகக்கூட டிரான்ஸ்மிட்டரைத் தட்டிவிடாதீர்கள்.

ஆனால், பழைய டிரான்ஸிஸ்டரைத் திருப்பிப் பார்க்க எந்த அனுமதியும் வேண்டாம். போனில் இருக்கும் எஃப்.எம் இதற்கு உதவாது. மீடியம் வேவ் வருகிற பெட்டிதான் வேண்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பரணிலிருந்து தாத்தாவின் பெட்டியை இறக்கி பேட்டரி போட்டேன். பாடியது. ஆனால், இரவில் மட்டும் 'உர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். திருப்பிப் பார்த்தேன். ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கியது. கூடத்திலிருந்து ஒரு கோடு, அடுப்படியிலிருந்து ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடம் பூஜை அறை. அங்கே முருகன் படத்தைச் சுற்றிப் போட்டிருந்த சீரியல் பல்பின் அடாப்டர்! பிளக்கைப் பிடுங்கினேன். மதுரை தெளிவாகக் கேட்டது.

"தைப்பூசம் முடியட்டும், அப்புறம் அணைக்கலாம்" என்று அம்மா மறுபடி மாட்டிவிட்டார்.