செடிக்கும் ஹைட்ராலிக்ஸ் தெரியும்!

"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குச் செடியோட என்னடா வேலை?" என்று என் அறை நண்பன் கேட்டான். நீங்களும் கேட்கலாம். பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டாம் ஆண்டில் ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் வேப்பங்கன்றுகள் நட்டோமே, அதில் ஒன்று என் பொறுப்பு. தினமும் மாலை லேப் முடிந்ததும் தவறாமல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். கன்றும் தளதளவென்று வந்தது. மே மாத லீவு முடிந்து திரும்பினால் வெறும் குச்சிதான் நின்றது! பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் மேல் மண்ணிலேயே சுருண்டு கிடந்தது. வாட்ச்மேன் தாத்தா சிரித்தார். "வாசல்லயே சோறு வச்சா எவன் தம்பி வேலைக்குப் போவான்? வேர் மட்டும் கீழே போயிடுமா?"

அந்தக் கேள்விதான் என்னை லைப்ரரிக்கு அனுப்பியது. அங்கே படித்ததில் பாதி நம்ம சிலபஸ்!

முதலில் தொட்டாற்சிணுங்கி. அதன் இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள செல்களில் தண்ணீர் அழுத்தத்தோடு நிரம்பியிருப்பதால்தான் காம்பு நிமிர்ந்து நிற்கிறது. நாம் தொட்டதும் ஒரு மின் சமிக்ஞை அங்கே ஓடுகிறது. உடனே அடிப்பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேறுகின்றன; பின்னாலேயே தண்ணீரும் வெளியேறுகிறது. அழுத்தம் போச்சு, காம்பு தொப்பென்று சாய்கிறது. பம்ப் இல்லை, பிஸ்டன் இல்லை! தாவரங்களின் இந்த மின் துடிப்பை அளக்கத் தானே கருவிகள் செய்தவர் கல்கத்தாவின் ஜெகதீஷ் சந்திர போஸ். கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் 'கிரெஸ்கோகிராஃப்' அவர் உருவாக்கியதுதான்.

அடுத்து வெளிச்சம். ஜன்னலோரச் செடி ஏன் வெளியே சாய்கிறது? சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் முளையின் நுனியை மட்டும் மூடிப் பார்த்தார்கள்; முளை வளையவில்லை. ஆக, வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. இது 1880-இல் அவர்கள் வெளியிட்ட நூலில் இருக்கிறது. நுனியிலிருந்து இறங்கும் அந்தப் பொருளை 1928-இல் வென்ட் என்பவர் பிரித்துக் காட்டினார். அதுதான் ஆக்சின். நிழல் பக்கம் ஆக்சின் கூடுகிறது. அந்தப் பக்கச் செல்கள் அதிகம் நீளுகின்றன. தண்டு வெளிச்சத்துப் பக்கம் வளைகிறது.

சிவில் நண்பர்களே, வேரிடம் தூக்குக்குண்டே இருக்கிறது! வேர்நுனிச் செல்களில் உள்ள மாவுமணிகள் எடை காரணமாக அடியில் படியும். வேர் சாய்ந்தால் மணிகளும் இடம் மாறும். கீழ்ப்பக்கம் ஆக்சின் சேரும். ஆனால் வேரில் அதன் வேலை தலைகீழ்: வளர்ச்சியைத் தடுக்கும். மேல்பக்கம் மட்டும் நீளுவதால் வேர் கீழ்நோக்கித் திரும்புகிறது.

இதோடு ஈரம் இருக்கும் பக்கமும் வேர் திரும்பும். என் தப்பு இங்கேதான். ஒரு சொம்புத் தண்ணீர் மேலாக மட்டுமே நனைத்தது. வேரும் அங்கேயே தங்கிவிட்டது.

தண்ணீர் நின்றபோது கன்று சும்மா இருந்திருக்காது. வறட்சியில் அப்சிசிக் அமிலம் சுரந்து இலைத்துளைகளின் வால்வுகளை மூடும். நீர் ஆவியாவது குறையும். ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது. உணவு தயாரிப்பு படுத்துவிடும். கடையைச் சாத்தினால் திருட்டும் இல்லை, வியாபாரமும் இல்லை. எத்தனை நாள் சாத்தி வைக்க முடியும்?

ஐப்பசி மழையில் அதே குழியில் வேறொரு வேப்பங்கன்று நட்டிருக்கிறேன். இப்போது தினமும் ஊற்றுவதில்லை. நாலைந்து நாளைக்கு ஒருமுறை, ஒரு வாளி நிறைய, மண் குடிக்கக் குடிக்க மெதுவாக ஊற்றுகிறேன். அடியில் ஈரம் இருந்தால் வேர் இறங்கும்.

வருகிற ஏப்ரலோடு நான் வெளியே. கன்றுக்கு அதன் முதல் கோடை. ஜூனியர் தம்பி தங்கைகளே, லீவுக்குக் கிளம்புமுன் அதற்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். தாத்தாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.