கத்தியின்றிச் சருமத்தை அறிதல்

சருமம் எப்போதும் நம் கண்ணெதிரே இருப்பினும், அதன் மேற்பரப்புக்குக் கீழே அரை மில்லிமீட்டர் ஆழத்தில் நடப்பது நமக்குப் புலப்படுவதில்லை. ஆகவே, ஒரு மச்சமோ ஆறாத புண்ணோ சந்தேகத்துக்கு இடமாகும்போது, வைத்தியர் அதிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதே நெடுங்கால வழக்கம். இம்முறை நம்பத்தக்கதே, ஆயினும் மூக்கின் ஓரம், இமையருகு போன்ற இடங்களில்கூட ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு தழும்பை ஏற்க வேண்டியிருக்கிறது. இந்த வேதனையைக் குறைக்க விஞ்ஞானம் இருவகை ஒளியை ஒரே கருவியில் இணைத்திருக்கிறது.

முதலாவது, ஓ.சி.டி. என்று வழங்கும் ஒளியியல் குறுக்குவெட்டுப் படமுறை; மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் 1991-ல் உலகுக்கு அறிவித்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கிரணத்தைச் சருமத்தில் செலுத்தி, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று அளப்பதே இதன் தத்துவம். விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் விரையும் ஒளியின் வருகையை எந்தக் கடிகாரத்தால் அளப்பது? ஆகையால் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சருமத்துக்கும் மற்றொன்றை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, மீண்டு வரும் இரண்டும் கலக்கையில் உண்டாகும் குறுக்கீட்டிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம்வரை, மேற்தோலும் உட்தோலும் அடுக்கடுக்காய்த் திரையில் உடனுக்குடன் தெரிகின்றன.

இரண்டாவதான ராமன் நிறமாலை முறையின் வேர் நம் நாட்டிலேயே இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் சூரிய கிரணத்தை நிறக்கண்ணாடியால் வடித்து, ஏறக்குறைய 60 திரவங்களினூடே செலுத்தி ஆராய்ந்தனர். அதன் பயனாக 1928 பிப்ரவரி 28 அன்று வெளிப்பட்டதே ராமன் விளைவு. மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சொற்பமான பகுதி, ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு, அவற்றின் அதிர்வுக்குத் தன் சக்தியில் சிறிதை ஈந்துவிட்டு நிறம் மாறி வெளிவருகிறது. அதிர்வு மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறாதலால், அந்த ஒளியைப் பகுத்து நிறமாலையாக்கினால், கொலாஜன், கெராட்டின், கொழுப்பு, நீர் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கே உரிய சிகரங்களால் தன்னை அறிவித்துவிடுகிறது.

ஓர் ஆபரணத்தின் வேலைப்பாட்டைக் கண் அறியும். மாற்றை உரைகல்லே அறியும். அதுபோல ஓ.சி.டி. உருவத்தைக் காட்டுமேயன்றி அது எதனால் ஆனது என்று உரைக்காது. ராமன் நிறமாலை பொருளை உரைக்குமேயன்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் விநாடிக்கணக்கில் காலம் கேட்பதால், பரந்த இடத்தைத் துழாவ உதவாது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் இவ்விரண்டையும் ஒன்றாக்கிய கருவியை 2008-ல் வெளியிட்டனர். இரு ஒளிகளுக்கும் அலைநீளம் வேறானதால், இரண்டும் ஒரே வில்லை வழியே ஒரே இடத்தை அடைய முடிகிறது. படம் வழிகாட்ட, ஐயத்துக்குரிய இடத்தில் மட்டும் நிறமாலை எடுக்கப்படுகிறது. என் அபிப்பிராயத்தில், இந்தச் சேர்க்கையின் மேன்மை முழுவதும் அந்த வழிகாட்டுதலிலேயே அடங்கியிருக்கிறது.

அடித்தள உயிரணுப் புற்று என்னும் சருமப் புற்றை எடுத்துக்கொள்வோம். ஓ.சி.டி. படத்தில் உட்தோலின் சீரான அமைப்பினிடையே உருண்டைத் திட்டுக்கள் தென்படுகின்றன. அவை புற்றோ, வெறும் மயிர்க்காலோ என்று உருவத்தை மட்டும் கொண்டு துணிவது எளிதன்று. அவ்விடத்து நிறமாலையில் கொலாஜனின் சிகரங்கள் தாழ்ந்து, நியூக்ளிக் அமிலத்தின் சிகரங்கள் ஓங்கியிருந்தால், உயிரணுக்கள் நெருங்கிப் பெருகியிருப்பது தெளிவாகிறது, சந்தேகம் வலுக்கிறது.

குறைகளும் உண்டு. ராமன் ஒளி மிக மெல்லியது. சருமம் தானே உமிழும் ஒளிர்வு அதை மூழ்கடித்துவிடும். கருமை தரும் மெலனின் அத்தொல்லையை மிகுவிக்கும். ஆதலால் இன்றும் முடிவான தீர்ப்பு துணுக்குப் பரிசோதனையினுடையதே. வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ, வடிவும் நிறமும் மாறிவரும் மச்சமோ உடையவர்கள், புதிய கருவி நம் ஊருக்கு வரட்டும் என்று காத்திராமல், உடனே சரும வைத்தியரிடம் காட்ட வேண்டுகிறேன்.